ஆடிக்கு வழிவிட்ட வில்லைகள்

1959-ஆம் ஆண்டு ஜப்பானின் நிப்பான் கோகாகு நிறுவனம் நிக்கான் எஃப் என்னும் எஸ்.எல்.ஆர். கேமராவை வெளியிட்டது. லென்ஸ் எதைக் காண்கிறதோ அதையே படமெடுப்பவரும் காண்பார் என்பதுதான் அவ்வகைக் கேமராவின் முதன்மையான வாக்குறுதி. லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஓர் ஆடி, உள்ளே வரும் ஒளியை மேல்நோக்கித் திருப்பித் தேய்த்த கண்ணாடித் திரையில் விழச்செய்கிறது. அதற்கு மேலுள்ள ஐங்கோணப் பட்டகம் பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்குத் தருகிறது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழுகிறது, ஒளி படச்சுருளைச் சென்றடைகிறது. ஆனால் அந்தக் கேமராவுக்கு அதே நிறுவனம் அளித்த மிக அகன்ற லென்ஸான 21 மி.மீ. எஃப்/4 நிக்கோர், இந்த வாக்குறுதியை முற்றாகக் கைவிட்டது. அதன் பின்பகுதி ஆடி நிற்கவேண்டிய இடத்துக்குள்ளேயே நீண்டிருந்தது. ஆகவே லென்ஸைப் பொருத்துவதற்கு முன் ஆடியை மேலே தூக்கி நிறுத்தியாகவேண்டும். வழக்கமான முறையில் அப்படி நிறுத்துவதற்குப் படச்சுருளில் ஒரு சட்டம் வீணாகும். அதன்பின் வியூஃபைண்டர் இருண்டுவிடும். தனியாக ஒரு சிறு பார்வைக்குழலைக் கேமராவின் மேல் செருகி, அதன் வழியே குத்துமதிப்பாகச் சட்டமிட்டு, தொலைவை லென்ஸின் மீதுள்ள அளவுகோலைப் பார்த்துத் திருப்பவேண்டும். காண்பதற்கென்றே கட்டப்பட்ட கருவி, அகன்று காண முற்பட்ட கணத்தில் கண்ணை இழந்தது.

இதை வடிவமைப்பாளர்களின் கவனக்குறைவு என்று கொள்வதற்கில்லை. அந்தக் காலத்தின் மிகத் தேர்ந்த அகலக்கோண வடிவம் அதுவே. சிக்கல் வடிவியலில் இருந்தது. 35 மி.மீ. படச்சுருளின் சட்டம் 24-க்கு 36 மி.மீ.; அதன் மூலைவிட்டம் 43.3 மி.மீ. லென்ஸின் குவியத் தொலைவு ஏறத்தாழ இந்த அளவில் இருந்தால் பார்வைக் கோணம் இயல்பாக இருக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்க அகலும். எளிய கட்டமைப்புடைய ஒரு 28 மி.மீ. லென்ஸ், தொலைவிலுள்ள பொருளைக் குவிப்பதற்குப் படச்சுருளிலிருந்து சுமார் 28 மி.மீ. தொலைவிலேயே நிற்கவேண்டும். ஆடி தடையின்றி ஏறி இறங்கவோ 35 முதல் 40 மி.மீ. இடம் தேவை. நிக்கான் எஃப்பில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் படச்சுருளுக்கும் இடையிலான தொலைவு 46.5 மி.மீ.; ஆடியில்லாத லைக்கா எம் வகையில் அது 27.8 மி.மீ. மட்டுமே. இந்த 18.7 மில்லிமீட்டர் வேறுபாட்டிலிருந்தே வேகமான அகலக்கோண லென்ஸின் வரலாறு தொடங்குகிறது. (‘வேகம்’ என்பது இங்கே ஒளித்துளையின் அகலம். எஃப்/2, எஃப்/1.4 எனத் துளை விரிந்தால் கூடுதல் ஒளி நுழையும். ஒளிபடும் நேரத்தைக் குறைக்கலாம். அதனாலேயே அந்தப் பெயர்.)

டிரெஸ்டனில் இஹாகி நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த கீனெ எக்சாக்டா தொட்டே இந்த இடநெருக்கடி இருந்தது. ஆனால் இதற்கான தீர்வு வேறொரு துறையில், வேறொரு தேவைக்காக முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 1930களின் தொடக்கத்தில் டெக்னிகலர் நிறுவனத்தின் வண்ணத் திரைப்படக் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் பிரிக்கும் ஒரு பட்டகம் அமைந்திருந்தது. அதற்கு இடம்விட்டு நிற்கவேண்டிய 35 மி.மீ. எஃப்/2 லென்ஸ் ஒன்றை இங்கிலாந்தின் டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன் நிறுவனத்தில் ஹெச். டபிள்யூ. லீ வடிவமைத்தார். அதன் அடிப்படை எளிது. 1891-இல் உருவான தொலைநோக்கு லென்ஸில் முன்னே குவி வில்லைத் தொகுதி, பின்னே குழி வில்லைத் தொகுதி. அதனால் லென்ஸின் உடல் அதன் குவியத் தொலைவைவிடக் குட்டையாகிறது. அதைத் தலைகீழாக்கினால், முன்னே உள்ள குழி வில்லை ஒளியை விரித்து அனுப்ப, பின்னே உள்ள குவி வில்லைகள் அதைச் சேர்க்கின்றன. பிம்பம் விழும் இடம் லென்ஸிலிருந்து வெகுவாகப் பின்தள்ளப்படுகிறது.

இந்தத் தலைகீழ் அமைப்பை எஸ்.எல்.ஆர். கேமராவுக்குக் கொண்டுவந்து பெயரும் சூட்டியவர் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் ஆன்ஷெனியூ. 1950-இல் அவர் வெளியிட்ட 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸின் வணிகப் பெயர் ‘ரெட்ரோஃபோகஸ்’. அச்சொல் பின்னர் அந்த வகை முழுமைக்குமே பொதுப்பெயராகிவிட்டது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் யேனா, ஃபிளெக்டகோன் 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைக் கொண்டுவந்தது. சோவியத் நாட்டின் மிர்-1, 37 மி.மீ. எஃப்/2.8, அதே வழியில் வந்தது. 1958-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பெற்ற பெரும்பரிசை அதன் முகப்பு வளையத்திலேயே பொறித்து விற்றார்கள். இன்றும் பழைய கேமராச் சந்தைகளில் அந்தப் பொறிப்பைக் கண்டு மயங்கி வாங்குவோர் உண்டு. பரிசு உண்மைதான், ஆனால் அது வாங்குபவர் கையிலிருக்கும் தனி லென்ஸின் தரத்துக்குச் சான்றாகாது.

முதல் தலைமுறை ரெட்ரோஃபோகஸ் லென்ஸ்கள் ஒரு தடையைக் கடந்து மற்றொன்றில் சிக்கின. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் அகலக்கோண லென்ஸ்கள் ஒளித்துளையின் இருபுறமும் ஏறத்தாழச் சமச்சீராக அமைந்தவை. சமச்சீர் அமைப்பில் முன்பாதியின் பிழைகளில் சிலவற்றைப் பின்பாதி தானாகவே ஈடுசெய்துவிடும்: நேர்கோடுகள் வளைவது, மூலைகளில் நிறம் பிரிவது, ஒளிப்புள்ளி வால்நட்சத்திரம்போல் இழுபடும் கோமா ஆகியவை. ரெட்ரோஃபோகஸ் இயல்பிலேயே சமச்சீரற்றது. இலவசமாகக் கிடைத்த அந்த ஈடு இங்கே இல்லை. ஒவ்வொரு பிழைக்கும் தனித்தனியே விலை கொடுக்கவேண்டும். கோமா எல்லாவற்றிலும் கொடியது, ஏனெனில் துளை விரிய விரிய அது விரைவாக வளர்கிறது. துர்கா பூஜை இரவில் கொல்கத்தாவின் ஒரு தெருவைத் துளையை முழுதும் திறந்து படமெடுத்தால், சட்டத்தின் நடுவில் புள்ளியாக நிற்கும் விளக்கு, மூலையில் சிறகு விரித்த பறவையாகிவிடும். வேகமும் அகலமும் ஒன்றையொன்று பகைத்த இடம் இதுவே.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஆடி வாங்கிய தண்டம் எவ்வளவு என்பது தெரியும். நிக்கான் நிறுவனமே தன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை 1956-இல் கொடுத்துவிட்டது. லைக்காவின் 35 மி.மீ. எஃப்/1.4 சம்மிலக்ஸ் 1960களின் தொடக்கத்தில் வந்தது. ஏழே வில்லைகள், கைக்குள் அடங்கும் உருவம். எஸ்.எல்.ஆர். கேமராவில் நிக்கான் எஃப்/1.4-ஐ 35 மி.மீ. லென்ஸில் எட்டியதோ 1970களின் தொடக்கத்தில்தான்; அதற்கு ஒன்பது வில்லைகளும் சுமார் 400 கிராம் எடையும் தேவைப்பட்டன. இடையிலிருந்த பத்தாண்டுகளில் நிகழ்ந்தவை பெரும்பாலும் வெளியே தெரியாத வேலைகள். நிக்கானின் வடிவமைப்பாளர் ஸென்ஜி வகிமோட்டோ, 1960-இல் வெளியான 28 மி.மீ. எஃப்/3.5 லென்ஸில் கோமாவைக் கட்டுப்படுத்தும் வில்லை அமைப்பைக் கண்டார். எஃப்/3.5 என்ற எண்ணைப் பார்த்து இன்றைய வாங்குநர்கள் அதைக் கடந்துபோவார்கள்; பின்னாளில் வந்த எஃப்/2-களுக்கு வழி திறந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1967-இல் வந்த 24 மி.மீ. எஃப்/2.8 நிக்கோரில் வில்லைத் தொகுதிகள் குவியப்படுத்தும்போது ஒன்றுக்கொன்று வேறுபட்டு நகர்ந்தன. சமச்சீரற்ற லென்ஸ் அருகிலுள்ள பொருளைக் காணும்போது தன் திருத்தத்தை இழந்துவிடும். அந்த இழப்பை இந்த ‘மிதக்கும்’ அமைப்பு மீட்டது.

மற்றொரு வேலை கண்ணாடியின் மேற்பரப்பில் நடந்தது. பூச்சில்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்புகிறது. 35 மி.மீ. எஃப்/1.4 நிக்கோரின் ஒன்பது வில்லைகள் ஏழு குழுக்களாக நிற்பவை. அதாவது பதினான்கு பரப்புகள். பூச்சே இல்லையென்றால் நுழைந்த ஒளியில் 56 விழுக்காடுதான் மறுமுனைக்கு வரும். எஞ்சியதில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே அலைந்து படத்தை வெளிறச்செய்யும். யேனாவில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா 1935-இல் உருவாக்கிய ஒற்றைப் பூச்சு இழப்பைப் பரப்புக்கு 1.5 விழுக்காட்டளவுக்குக் குறைத்ததாகக் கொண்டாலும், பதினான்கு பரப்புகளுக்கும் சேர்த்து 81 விழுக்காடே தேறும். பல்லடுக்குப் பூச்சில் பரப்புக்கு 0.3 விழுக்காடு என்று கணக்கிட்டால் 96 விழுக்காடு. பல்லடுக்குப் பூச்சு ஏட்டுக்கு வந்ததும் எஃப்/1.4 அகலக்கோணம் சந்தைக்கு வந்ததும் ஒரே காலத்தில் என்பது தற்செயல் அன்று. எஃப்/1.4 என்று பொறித்துவிட்டுப் பாதி ஒளியை வழியிலேயே சிந்தும் லென்ஸால் யாருக்கும் பயனில்லை.

கண்ணாடியின் உள்ளீடும் மாறியது. ஒளியை அதிகம் வளைத்து, நிறத்தைக் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடியை லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களைக் கொண்டு 1930களில் அமெரிக்காவில் ஜார்ஜ் மோரி உருவாக்கினார். சில நிறுவனங்கள் தோரியம் ஆக்சைடையும் சேர்த்தன. லாந்தனமும் தோரியமும் மோனசைட் மணலில் சேர்ந்தே கிடப்பவை. அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தபோது, அதன் தேவை எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்காக இருந்தது. கண்ணாடித் தொழில் பின்னர் வந்தது. தோரியம் கலந்த பழைய லென்ஸ்கள் தம் கதிர்வீச்சாலேயே காலப்போக்கில் தேநீர் நிறத்துக்குப் பழுப்பேறும். புறஊதா ஒளியில் சில நாட்கள் வைத்தால் பெரும்பாலும் தெளியும். பழைய வேகமான லென்ஸை வாங்குவோர் அதை வெள்ளைத்தாளின் மீது பிடித்துப் பார்ப்பது இதற்காகவே.

1975-இல் கேனான் தன் எஃப்டி 24 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் கோளமல்லாத பரப்புடைய ஒரு வில்லையைப் பயன்படுத்தியது. கோளப் பரப்பைத் தேய்ப்பது எளிது, ஏனெனில் இரு பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று எத்திசையில் உரசினாலும் கோளமே மிஞ்சும். கோளமல்லாத பரப்புக்கு அந்த வசதி இல்லை. அதே காலத்தில் கான்டாக்ஸ் கேமராவுக்கென ஸைஸின் 35 மி.மீ. எஃப்/1.4 டிஸ்டகோனும் அவ்வழியில் வந்தது. ஒலிம்பஸ் நிறுவனம் எதிர்த்திசையில் நடந்தது. 1972-இல் தொடங்கிய ஓ.எம். வரிசையில் சிறுமையே கொள்கை. அதன் 24 மி.மீ. எஃப்/2 ஸுய்கோ 280 கிராம், 21 மி.மீ. எஃப்/2 சுமார் 250 கிராம். முழுத் துளையில் மூலைகள் சற்று மென்மையாவதை ஏற்றுக்கொண்டு பெற்ற இலகு அது. 2017-இல் வந்த ஸைஸ் மில்வஸ் 25 மி.மீ. எஃப்/1.4 லென்ஸில் பதினைந்து வில்லைகள். எடை ஒரு கிலோகிராமைத் தாண்டியது. மூலைவரை கூர்மை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஆடி கேட்கும் முழு விலை இதுதான்.

இவ்வளவு உழைப்பும் எதற்காக என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்க என்பது. அது பாதி உண்மை. அகலக்கோண லென்ஸில் கை நடுக்கம் குறைவாகவே தெரியும், 28 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தே 1/30 நொடியில் எடுக்கலாம். இருட்டுக்கு அஞ்சவேண்டிய கட்டாயம் நீண்ட லென்ஸ்களுக்கே மிகுதி. மறுபாதி உண்மை வியூஃபைண்டரில் இருக்கிறது. கைக்குவிய எஸ்.எல்.ஆர். கேமராவில் குவியத்தைத் தீர்மானிப்பது படமெடுப்பவரின் கண். அக்கண் காண்பது முழுதும் திறந்த துளையின் வழியே தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தை. 28 மி.மீ. லென்ஸை எஃப்/4-இல் திறந்து 3 மீட்டரில் குவித்தால், வழக்கமான அளவுகோலின்படி 2.1 மீட்டரிலிருந்து 5.5 மீட்டர்வரை எல்லாமே கூர்மையாகத் தோன்றும். வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் திரையில் பெரிய மாற்றம் தெரியாது. கண் எதைக்கொண்டு முடிவு செய்யும்? அதே லென்ஸ் எஃப்/2 ஆனால் கூர்மையின் எல்லை 2.4 மீட்டரிலிருந்து 3.9 மீட்டர்வரை சுருங்குகிறது. திரையில் விழும் ஒளியோ நான்கு மடங்கு. பிம்பம் ‘சட்டென்று’ வந்து நிற்கும். அதன்பின் துளையை எஃப்/8-க்குச் சுருக்கிப் படமெடுத்தாலும், குவியம் சரியான இடத்தில் விழுந்திருக்கும். ஆக, அகலக்கோண லென்ஸில் வேகம் என்பது படச்சுருளுக்குச் செய்த உதவியைக் காட்டிலும் கண்ணுக்குச் செய்த உதவியே பெரிது. ஆடியால் நேர்ந்த இடர்ப்பாட்டை, ஆடியின் மேல் விழும் ஒளியைப் பெருக்கித் தீர்த்துக்கொண்டார்கள்.

இதை ஏற்றுக்கொண்டால் தேர்வின் அளவுகோல் மாறும். பகல் வெளிச்சத்தில் தெருவில் நடந்து படமெடுப்பவருக்கு வேகமான லென்ஸ் தேவையே இல்லை. 28 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து 3.3 மீட்டரில் நிறுத்தினால் 1.7 மீட்டர் தொடங்கித் தொடுவானம்வரை கூர்மை. கண்ணின் உதவி வேண்டாம், பழைய எஃப்/3.5 போதும். கோயில் மண்டபத்தின் உட்புறத்திலோ, நாடக ஒத்திகையிலோ, மண்ணெண்ணெய் விளக்கொளியில் பேசிக்கொண்டிருக்கும் முகங்களிடையிலோ நின்று கண்ணால் குவியம் தேடுபவருக்கே எஃப்/2 பொருள்படும். எஃப்/2-க்கும் எஃப்/1.4-க்கும் இடையிலுள்ள வேறுபாடு இருமடங்கு ஒளி. விலையிலும் எடையிலும் அது பெரும்பாலும் இருமடங்கைத் தாண்டிவிடுகிறது. மேலும், பிந்தைய தானியங்கிக் குவியக் கேமராக்களின் திரைகள் பிரகாசத்துக்காக மெருகேற்றப்பட்டவை, ஏறத்தாழ எஃப்/2.8-க்கு மேல் திறந்தாலும் அவற்றில் குவியத்தின் நுண்வேறுபாடு தெரியாது. அத்தகைய கேமராவில் எஃப்/1.4 வாங்கி, திரையை மாற்றாமல் விடுபவர் தாம் கொடுத்த விலையின் பாதியைக் காணாமலேயே போகிறார்.

பொருத்தும் வளையமும் தேர்வைக் கட்டுப்படுத்தும். ஃபிளெக்டகோன், மிர் போன்றவை பரவலாகக் கிடைக்கும் எம்42 திருகுவகையின் வளையத் தொலைவு 45.46 மி.மீ.; நிக்கானின் 46.5-ஐ விட ஒரு மில்லிமீட்டர் குறைவு. ஆகவே அவற்றை நிக்கானில் மாட்டினால் தொலைவிலுள்ளவை குவியமாட்டா. கேனான் ஈ.ஓ.எஸ். வகையில் அது 44 மி.மீ.; மெல்லிய வளையம் ஒன்றே போதும். இணைய விளம்பரங்களில் ‘எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும்’ என்று எழுதுவோர் இந்த ஒரு மில்லிமீட்டரைச் சொல்வதில்லை.

இந்தியாவில் இன்னொரு தீர்ப்பாளரும் உண்டு: ஈரம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் சென்னையிலும் பீரோவுக்குள் தோல்பையில் வைத்த லென்ஸில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நான்கு வில்லைகளுடைய எளிய லென்ஸைப் பிரித்துத் துடைத்துவிடலாம். மிதக்கும் தொகுதிகளுடைய வேகமான ரெட்ரோஃபோகஸைப் பிரித்தால், அச்சு இம்மியும் பிசகாமல் மீண்டும் சேர்ப்பது அரிய கைத்திறன். ஒரு வில்லை சற்றே சாய்ந்து அமர்ந்தாலும் சட்டத்தின் ஒருபக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். இரண்டாம் கையில் வாங்குவோர் செங்கற்சுவர் ஒன்றை முழுத் துளையில் நேர்நின்று எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சிற்றேடுகளின் வரைபடங்களைவிட நம்பகமான சோதனை. மூலைகள் நான்கும் ஒன்றுபோல் மென்மையாக இருந்தால் அது வடிவமைப்பின் இயல்பு. ஒன்று மட்டும் மென்மையாக இருந்தால் யாரோ ஒருவர் முன்பே திறந்து மூடியிருக்கக்கூடும்.

2013-இல் முழுச்சட்ட உணரியுடைய ஆடியில்லாக் கேமராக்களைச் சோனி கொண்டுவந்தது. வளையத் தொலைவு 18 மி.மீ. நிக்கானின் இஸட் வகை 2018-இல் அதை 16 மில்லிமீட்டராக்கியது. ஆடி போன இடத்தில் ரெட்ரோஃபோகஸும் போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை. 1959-இன் 21 மி.மீ. நிக்கோரைப் போன்ற சமச்சீர் லென்ஸ்களை ஓர் இடைவளையத்தின் மூலம் இக்கேமராக்களில் மாட்டினால், முதன்முறையாக அவற்றின் பார்வையை அவற்றின் வழியாகவே காணமுடிகிறது. பார்வைக்குழலும் வேண்டாம், வீணாகும் சட்டமும் இல்லை. ஆனால் உணரிக்கு மிக அருகில் நிற்கும் பின்வில்லையிலிருந்து ஒளி மூலைகளில் வெகுவாகச் சாய்ந்து விழுகிறது; உணரியின் மேலுள்ள வடிகட்டிக் கண்ணாடி அதைக் கலைத்துவிடுகிறது. ஓரங்கள் குழைந்து, மூலைகளில் ஊதாச்சாயல் படர்கிறது. ஆடிக்கு வழிவிடப் பின்வாங்கிய எஃப்/2 லென்ஸ்கள், ஒளியை நிமிர்ந்து விழச்செய்யும் இயல்பினால், அதே உணரியில் தொல்லையின்றிப் பணிசெய்கின்றன.